கணினியின் சவுண்ட் கார்டிலிருந்து ஹோம் தியேட்டருக்கு: ஆப்டிக்கலா, அனலாக்கா?

டிவிடி படம் பார்ப்பதுதான் முக்கிய வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆப்டிக்கல் (ஒலியை ஒளியாக அனுப்பும் கேபிள்) போதும். ஒரே கேபிள், டிவிடியில் சுருக்கி வைத்திருக்கும் டால்பி டிஜிட்டல் ஒலி அப்படியே ரிசீவருக்கு (ஹோம் தியேட்டரின் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு) போய் அங்கே ஸ்பீக்கர் வாரியாகப் பிரிந்துகொள்ளும், ஒளியாகப் போவதால் இரண்டு கருவிகளுக்கும் மின்தொடர்பு கிடையாது, அதனால் அந்த எரிச்சலூட்டும் 'ம்ம்ம்' இரைச்சல் இந்த வழியாக வராது.

ஆனால் கேம் விளையாடும்போதுதான் சிக்கல். ஆப்டிக்கலில் சுருக்கப்படாத ஒலி இரண்டு சேனல்தான் (இடது, வலது) போகும். கேமின் 5.1 ஒலி (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) முழுதாக வர, அதை உடனுக்குடன் சுருக்கி அனுப்பும் டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் வசதி கார்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பின் ஸ்பீக்கர்களுக்கென்று தனி ஒலி வராது.

அனலாக்கில் அந்தத் தொல்லை இல்லை, ஆறு சேனலும் தனித்தனியாகப் போகும். மூன்று 3.5 மி.மீ. கேபிள்கள்: பச்சை முன்பக்கம், கறுப்பு பின்பக்கம், ஆரஞ்சு சென்டரும் சப்வூஃபரும். ரிசீவரில் ஆறு சேனல் அனலாக் உள்ளீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் அந்த ஆரஞ்சு கேபிளில் கவனம்; வசனம் சப்வூஃபரில் முணுமுணுத்தால் ரிசீவர் பக்கம் பிரியும் இரண்டு முனைகளும் (சென்டர், சப்வூஃபர்) இடம் மாறியிருக்கின்றன, மாற்றிச் செருகினால் சரி.

கேமுக்கு நான் அனலாக்கைத்தான் சொல்வேன்.