ஒட்டிப் பிறந்த இரட்டையர்: பிரித்தபின் மூடத் தோல் எங்கிருந்து வரும்?

ஒட்டிப் பிறந்த குழந்தைகளைப் பிரித்த செய்தி வரும்போதெல்லாம் கல்லீரலை எப்படிப் பங்கு போட்டார்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்றுதான் படிக்கிறோம். காயத்தை எதைக் கொண்டு மூடினார்கள் என்பது கடைசி வரியில் வந்தால் உண்டு. அறுவை சிகிச்சை அணிக்கோ அது பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும் கவலை. ஒட்டியிருக்கும் பரப்பின் மேல் தோலே கிடையாது; விளிம்பைச் சுற்றித்தான் இருக்கிறது. பிரித்த கணத்தில் அதே அளவில் இரண்டு திறப்புகள், ஆளுக்கு ஒன்று.

இருக்கிற தோலை இழுத்துத் தைத்துவிடலாமே? சின்ன இணைப்பு என்றால் அப்படித்தான் செய்கிறார்கள். வயிற்றில் குறுகலாக ஒட்டிய குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தோலை முன்கூட்டியே விரித்து வளர்க்கும் வேலை எதுவும் தேவைப்படாது. அகலமான இணைப்பை இழுத்து மூடினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் ரத்தம் குறையும், உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சு திணறும். மார்பு என்றால் இதயமே நெரிபடும்.

ஆகவே முன்கூட்டியே இடம் உண்டாக்க வேண்டும். அதற்கான வழிகளை ஒப்பிடும்போது எது அதிகத் தோல் தருகிறது என்று மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். குறைவது எந்த அடுக்கு, தோலா, தசையா, எலும்பா? விரிக்கப்போகும் இடத்துக்கு அடியில் கெட்டியாக ஏதாவது இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் தேர்வு பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

தோலுக்கு அடியில் சிலிக்கோன் பை

முதலில் பேச வேண்டியது டிஷ்யூ எக்ஸ்பாண்டர், அதாவது தோலுக்கடியில் வைத்து மெல்ல மெல்ல உப்பவைத்துத் தோலை வளர்க்கும் பை. 1957இல் சார்லஸ் நியூமன் என்ற அமெரிக்க மருத்துவர் காதைச் சீரமைப்பதற்காக ஒரு ரப்பர் பலூனைத் தோலுக்கடியில் வைத்து ஊதினார். 1970களில் செடோமிர் ரடோவன் என்ற மருத்துவர் சிலிக்கோன் பையைக் கொண்டுவந்த பிறகுதான் முறை பரவியது. 1980களில் இரட்டையர் பிரிப்புக்கும் வந்துசேர்ந்தது.

செய்முறை சிக்கலானதல்ல. சிறு கீறல் போட்டு, தோலுக்கும் தசைக்கும் நடுவே இடம் பண்ணி, காலிப் பையை வைத்துத் தைக்கிறார்கள். கீறல் ஆற ஓரிரு வாரம் விடுகிறார்கள். அப்புறம் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஊசி வழியாகப் பைக்குள் சலைன் (உப்புநீர்) ஏற்றுவார்கள். மேல்தோல் வெளுத்தாலோ குழந்தை வலியில் துடித்தாலோ அன்றைக்கு அத்தோடு நிறுத்த வேண்டும். கர்ப்பிணியின் வயிற்றுத் தோலைப் போல இதுவும் வெறுமனே இழுபடுவதில்லை. செல்கள் பிரிந்து உண்மையாகவே வளர்கிறது. உள்தோல் மெலிகிறது, மேல்தோல் சற்றுத் தடிக்கிறது. பையைச் சுற்றி ரத்த ஓட்டம் மிகுந்த ஓர் உறை உருவாவதால், நகர்த்தித் தைக்கும்போது அந்தத் தோல் எளிதில் கருகுவதில்லை.

கிடைக்கும் தோலைத் தோராயமாகக் கணக்கிடலாம்: உப்பிய மேட்டின் வளைவு நீளத்திலிருந்து அடி அகலத்தைக் கழிக்க வேண்டும். அடி 6 செ.மீ., அரைவட்டமாக உப்பியது என்றால் வளைவு சுமார் 9.4 செ.மீ.; லாபம் 3.4. பையை எடுத்ததும் தோல் சுருங்கும் என்பதால் கையில் வருவது அதற்கும் குறைவு. அனுபவசாலிகள் கணக்குக்கு மேலேயே ஊதி வைப்பது அதனால்தான்.

இந்த முறை சிறப்பாக நடப்பது தலையில். அடியில் மண்டையோடு இருப்பதால் பை வெளிப்பக்கமாகத்தான் உப்பும். கிடைப்பதும் முடி உள்ள தோல். 2003இல் டல்லஸில் எகிப்தியக் குழந்தைகளை 34 மணி நேர அறுவையில் பிரித்தபோதும், 2019இல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் வேறு இரட்டையரை மூன்று கட்டமாகப் பிரித்தபோதும் இப்படி வளர்த்த தோல்தான் கைகொடுத்தது. விலாவின் மேலும் நன்றாகவே வேலை செய்கிறது. வயிற்றில் கதை வேறு. அடியில் பிடிமானம் இல்லாததால் பை உள்நோக்கியும் அமுங்கும், குழந்தை பால் குடிப்பது குறையும், மூச்சு வேகமாகும்.

பெரிய பயம் தொற்றும், பை தோலைக் கிழித்து வெளியே தெரிவதும். இந்தக் குழந்தைகள் நினைத்தபடி புரண்டு படுக்க முடியாது. ஒருவரின் எடை இன்னொருவரின் பைமேல் விழுந்துகொண்டே இருக்கலாம். ஒரு பை கெட்டால் நம்பியிருந்த தோலும் போகும், அறுவைத் தேதியும் தள்ளிப்போகும். பையை வைக்கப் போடும் கீறல்கூடத் தவறான இடத்தில் விழுந்தால், பின்னால் நகர்த்த வேண்டிய தோலின் ரத்த வழியை அறுத்துவிடும்.

வயிற்றுக்குள் காற்று, தசைக்கு போடாக்ஸ்

வயிற்றில் குறைவது தோல் மட்டுமல்ல, தசைச் சுவரும்தான். தோலுக்கடியில் வைக்கும் பை அந்தச் சுவரில் ஒரு அங்குலத்தைக்கூடக் கூட்டித் தராது. இங்கேதான் வயிற்றறைக்குள் காற்றேற்றும் முறை அதை முந்துகிறது. அர்ஜென்டினாவின் இவான் கோனி மொரேனோ 1940களில் பெரிய குடலிறக்கங்களுக்காகச் செய்த முறை இது. சிறு குழாய் வழியே காற்றைச் செலுத்தினால் தோல், தசை, உள்சவ்வு எல்லாம் சேர்ந்து விரியும். காற்று உடலில் உறிஞ்சப்படுவதால் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். காற்றுக்குப் பதில் பையையே வயிற்றறைக்குள் வைத்து ஊதியவர்களும் உண்டு. இரண்டிலும் குறை ஒன்றே: எங்கே விரிய வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. சுவர் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கேதான் முதலில் உப்பும். நுரையீரலோ இதயமோ பலவீனமான குழந்தைக்கு அந்த அழுத்தமே ஆபத்து.

தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் ஊசி மருந்தான போடாக்ஸ் புதிய வரவு. வயிற்றின் பக்கவாட்டுத் தசைகளில் போட்டால் சில வாரங்களில் அவை தளர்ந்து நீளும். விளைவு சில மாதங்கள் நிற்கும். பெரியவர்களின் குடலிறக்கச் சிகிச்சையில் இதற்கு நல்ல பெயர். தோலுக்கு இதனால் எந்த லாபமும் இல்லை என்பதால் தனி ஆயுதமாக இதை எண்ண முடியாது. பையோடு சேர்த்துப் போட்டால் பொருத்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கைக்குழந்தைகளில் அனுபவம் குறைவு. இருமவும் மூச்சை வெளியே தள்ளவும் உதவுவது இதே தசைகள் என்பதையும் மறக்கக் கூடாது.

விரிக்காமலேயே சமாளிப்பது

இடுப்பில் ஒட்டி மூன்று காலோடு பிறந்த இரட்டையருக்கு அந்த மூன்றாவது காலே பெரிய கையிருப்பு. எலும்பை எடுத்துவிட்டு, தோலும் தசையும் ரத்தக்குழாயோடு சேர்ந்த அந்த மடலைத் திருப்பி மூடுகிறார்கள். பையால் கிடைக்காத தடிமன் இதில் கிடைக்கும், பல வாரக் காத்திருப்பும் மிச்சம். கிடைக்கிற இடத்தில் இதை விட்டுவிட்டுப் பைக்குப் போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. யாருக்கு அந்த மடல் போகும் என்பது மட்டும் சங்கடமான கேள்வி. ஒரு குழந்தைக்குக் கிடைத்தால் இன்னொன்றுக்கு வேறு வழி தேட வேண்டும்.

மெஷ் எனப்படும் வலைத்துணியை வைத்து மூடுவதைப் பலர் விரிப்புக்குப் போட்டியாகப் பேசுகிறார்கள். மெஷ் தசைச் சுவருக்குப் பதிலாக நிற்கும், ஆனால் அதன்மேல் தோல் வேண்டும். திறந்த மெஷ்ஷில் தொற்று சீக்கிரம் ஏறும். வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டும் தோல் ஈரமான, ரத்த ஓட்டமுள்ள தளத்தில்தான் பிடிக்கும். வெற்று எலும்பின் மேல் நிற்காது. மூளையைச் சுற்றிய திரவம் கசிகிற தலைக் காயத்தில் அதை நம்ப முடியாது.

தலை ஒட்டியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2017இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் பிரிப்புக்கு முன்பே வெளிக்கருவி ஒன்றால் இரண்டு மண்டையையும் மெல்ல மெல்ல விலக்கினார்கள். நடுவிலுள்ள இணைப்பே நீண்டுகொடுத்தது. அழகான யோசனை, எல்லா எலும்பு அமைப்புக்கும் பொருந்தாது.

இத்தனையும் காலம் கிடைத்தால்தான். பை முறைக்குக் குறைந்தது ஒன்றரை, இரண்டு மாதம் வேண்டும். ஒரு குழந்தையின் இதயம் தவறத் தொடங்கினாலோ குடல் அடைத்துக்கொண்டாலோ அன்றே பிரிக்க வேண்டும். அப்போது மெஷ், காயத்து நீரை உறிஞ்சி எடுக்கும் கட்டு, கிடைக்கிற தோல், பிறகு பல முறை மறு அறுவை என்றுதான் போகும்.