குழந்தை உயரம் அளக்கும் பலகை: எதை வாங்கலாம், எதை விடலாம்

மதுரைப் பக்கம் அங்கன்வாடிக் குழந்தைகளை வைத்து ஆய்வு செய்யக் கிளம்புகிறவர்கள், சமூகப்பணி மாணவர்களானாலும் தொண்டு நிறுவனக் குழுவானாலும், சாமான் பட்டியல் போடும்போது எடை மெஷினுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்குகிறார்கள். உயரப் பலகை கடைசியில், மிச்சம் இருக்கிற காசில் வரும். இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும். எடை மெஷின் எண்ணைத் தானே காட்டிவிடும். உயரத்தில் பலகை, பிடிக்கிற கை, பார்க்கிற கண் மூன்றும் சேர்ந்து பிழை செய்யும்.

எவ்வளவு பிழை தாங்கும்? உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அளவுகோலில் 24 மாதம் முடிந்த ஆண் குழந்தையின் நடு உயரம் 87.1 செ.மீ. 81.0-க்குக் கீழே போனால் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளை என்ற கணக்கில் சேர்ந்துவிடும். பெண் குழந்தைக்கு அந்தக் கோடு 79.3. உண்மையில் 81.3 இருக்கிற பையனைப் பலகை 80.8 என்று காட்டினால், அரை செ.மீ. வித்தியாசத்தில் அவன் கோட்டுக்கு அந்தப் பக்கம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25.0 சதவீதம் பேர் இந்தக் கோட்டுக்குக் கீழே. இந்தியா முழுமைக்கும் 35.5. கோட்டை ஒட்டி எப்போதும் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள். அங்கே பலகை பொய் சொன்னால் ஒன்றியத்தின் சதவீதமே நகர்ந்துவிடும்.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை. பெரியாஸ்பத்திரி பக்கத்துச் சர்ஜிகல் கடைகளில் கேட்டால் முதலில் எடுத்துக் கொடுப்பது சுவரில் மாட்டும் சுருள் டேப். விலை குறைவு, சட்டைப் பையில் அடங்கும். நிற்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும்தான் ஆகும் என்றாலும், ஒழுங்காக மாட்டினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்காக மாட்டுவதில்தான் சிக்கல். டேப்பைத் தரை வரை இழுத்து, பார்க்கும் ஜன்னலில் சுழியம் வருகிற இடத்தில் மேல்முனையை ஆணியடிக்க வேண்டும். பல மையங்களில் சுவரோடு தரை சேரும் இடத்தில் ஒரு செ.மீ. தடிமனுக்கு ஸ்கர்ட்டிங் டைல் ஓடுகிறது. பிள்ளையின் குதிகால் அதில் முட்டி நிற்கும். முதுகும் பின்தலையும் சுவரைத் தொடச் சாயும். சாய்ந்து நிற்கிற பிள்ளை குறைந்துதான் தெரியும். கதவு நிலையை ஒட்டி ஸ்கர்ட்டிங் இல்லாத இடம் கிடைத்தால் அங்கே மாட்டுங்கள். வெள்ளையடிக்கக் கழற்றி மறுபடி மாட்டிய டேப்பை அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது. ஆணி ஒரு செ.மீ. மேலே ஏறியிருந்தால் அந்த மையத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு செ.மீ. குறைந்துபோவார்கள். இது ஒரே திசையில் போகிற பிழை என்பதால் எண்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

இரண்டாவது, சுருட்டி எடுத்துப் போகும் பாய் வகை. ஒரு முனையில் தலைத்தட்டு, மறுமுனையில் நகரும் கால்தட்டு, நடுவில் அளவு அச்சிட்ட ரெக்சின். தடுப்பூசி நாளில் சும்மா பார்த்து எழுத ஆகும், ஆய்வுக்கு ஆகாது. பிள்ளை முழங்காலை மடக்கி உதைக்கும்போது பாயே கூடச் சுருங்கி நகர்ந்துவிடும்.

மூன்றாவது, துண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் ஸ்டேடியோமீட்டர், அதாவது பிள்ளையை நிறுத்தி உயரம் அளக்கும் கருவி. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர், கொட்டாம்பட்டி என்று போகிறவர்களுக்கு இதைத் தூக்குவது சுலபம். பலவீனம் இணைப்புகளில். மணல் துகள் ஒட்டி ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், நான்கு துண்டுக்கு மூன்று இணைப்பு, ஆறு மில்லிமீட்டர் போச்சு. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ‘டக்’கென்று உட்காரும் சத்தம் கேட்ட பிறகே பிள்ளையை நிறுத்த வேண்டும். மே மாத வெயிலில் வண்டி டிக்கியில் வைத்த பிளாஸ்டிக் வளைந்தால் அப்புறம் நிமிராது.

நான்காவது, ஒரே பலகை. படுக்கப் போட்டால் கைக்குழந்தையைக் கிடத்தி அளக்கும் இன்ஃபன்டோமீட்டர், நிமிர்த்தினால் ஸ்டேடியோமீட்டர். தூக்கக் கனம், பஸ்ஸில் கண்டக்டர் முறைப்பார். ஆனாலும் ஆய்வுக்கு வாங்க வேண்டியது இதைத்தான். நல்ல ஆசாரி கிடைத்தால் செய்தும் கொள்ளலாம். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 130 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம், 18 மி.மீ. தண்ணீர் தாங்கும் பிளைவுட் போதும். ஐந்து, ஆறு கிலோ வரும். சாதாரண பிளைவுட் ஐப்பசி மழையில் ஓரம் உப்பிவிடும். ஓரங்களுக்கு இரண்டு கோட் வார்னிஷ் அடிக்காமல் வாங்காதீர்கள்.

பலகையில் உயிர் இருக்கும் இடம் நகரும் கால்தட்டு. கடையில் பார்க்கும்போது முதலில் அதைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிள்ளையின் பாதம் தொடும் 10 செ.மீ. உயரத்தில், தட்டு 3 டிகிரி சாய்ந்தாலே அரை செ.மீ. தள்ளிப்போகிறது. மேலே சொன்ன பையன் கோட்டைத் தாண்ட அந்த அரை செ.மீ. போதும். தட்டின் அடிப்பாகம் தடத்தோடு குறைந்தது 15 செ.மீ. நீளத்துக்கு ஒட்டி ஓட வேண்டும். குட்டையான அடி இருந்தால் எப்படியும் சாயும். பலகையின் இரண்டு ஓரத்திலும் டேப் பதித்திருந்தால் இன்னும் நல்லது. இடது, வலது இரண்டிலும் ஒரே எண் வந்தால் தட்டு கோணாமல் நிற்கிறது என்று அர்த்தம்.

டேப் விஷயத்தில் ஆசாரிக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டீல் டேப்பின் நுனிக் கொக்கி வேண்டுமென்றே ஒரு மில்லிமீட்டர் போல ஆடும்படி செய்யப்பட்டது. அதைத் தலைத்தட்டில் முட்டி ஒட்டினால் சுழியம் சரியாக வராது. முதல் 10 செ.மீ.யை வெட்டிவிட்டு, 10 என்ற கோடு தலைத்தட்டின் உள்முகத்திலிருந்து சரியாக 10 செ.மீ.யில் விழுமாறு ஒட்டச் சொல்லுங்கள். தையல்கடைத் துணி டேப் வேண்டவே வேண்டாம், இழுக்க இழுக்க நீளும்.

சரியான பலகை வந்த பிறகும் தப்பு நடப்பது பிள்ளையைக் கிடத்துகிற அந்த ஒரு நிமிடத்தில். இரண்டு வயது முடியாத பிள்ளையைப் படுக்க வைத்தும், முடிந்த பிள்ளையை நிறுத்தியும் அளக்க வேண்டும். அடம்பிடிக்கிற பெரிய பிள்ளையைப் படுக்க வைத்து அளந்தால் 0.7 செ.மீ. கழிக்க வேண்டும், சின்னப் பிள்ளையை நிறுத்தி அளந்துவிட்டால் 0.7 கூட்ட வேண்டும். எப்படி அளந்தோம் என்பதைத் தாளில் தனிக் கட்டமாக வையுங்கள். அந்தக் கட்டம் இல்லாத தாள்களை ஊர் திரும்பிய பிறகு திருத்த முடியாது.

படுக்க வைக்க இரண்டு பேர் கட்டாயம். அம்மா தலைமாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் காதுப் பக்கம் அணைத்து, உச்சந்தலை தலைத்தட்டில் அழுந்துமாறு பிடிக்க வேண்டும். பிள்ளையின் பார்வை நேரே மேலே, அம்மா முகத்தைப் பார்த்தபடி. அளப்பவர் பிள்ளையின் வலப்பக்கம். இடது கை முழங்கால்களை மெல்ல அமுக்கும், வலது கை கால்தட்டைக் கொண்டுவரும். இரண்டு பாதமும் தட்டையாகப் பட வேண்டும், விரல்கள் மேலே பார்க்க வேண்டும். பிள்ளை நுனிக்காலை நீட்டினால் ஒரு செ.மீ. கூடும், உள்ளங்காலை லேசாகக் கிச்சுகிச்சு மூட்டினால் பாதம் மடங்கும், அந்த நொடியில் தட்டைச் சேர்த்துவிடலாம். 0.1 செ.மீ. வரை சத்தமாகப் படித்து, எழுதுபவர் திருப்பிச் சொன்ன பிறகே பிள்ளையை விட வேண்டும்.

நிற்கும் பிள்ளைக்குக் குதிகால், கெண்டைக்கால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை ஐந்தும் பலகையில் பட வேண்டும். காதுத் துவாரத்திலிருந்து கண்குழியின் கீழ்விளிம்புக்கு ஒரு கோடு போட்டால் அது தரைக்கு இணையாக இருக்க வேண்டும். நம் ஊரில் இதைக் கெடுப்பது தலைமுடி. இரட்டைச் சடை, உச்சிக் குடுமி, கிளிப், வெள்ளிக்கிழமையானால் மல்லிகைச் சரம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நகரும் தட்டை முடி அமுங்கும்வரை இறக்க வேண்டும். அவிழ்த்த சடையைத் திருப்பிப் பின்னிவிட நேரம் ஒதுக்குங்கள். அலங்கோலமாக அனுப்பினால் அடுத்த வீட்டு அம்மா பிள்ளையைத் தர மாட்டார்.

அளந்தால் கண்ணுபடும் என்று பாட்டிமார் மறுப்பதும் உண்டு. அங்கே வாதாடக் கூடாது. அங்கன்வாடி டீச்சர் பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டு, “நம்ம மையத்துல மாசாமாசம் பாக்குறதுதானே பெரியம்மா” என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நடக்கும். அதுவும் பொய்யில்லை. பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவதை அடிப்படையாகக் கொண்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-ல் முதலில் தொடங்கியதே கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். எடை ஏறாத பிள்ளைக்கு 90 நாள் சத்துருண்டை கொடுத்த திட்டம் அது.

ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு முறை, இரண்டாவது முறை வேறு ஆள் அளப்பது நல்லது. இரண்டுக்கும் 0.7 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டையும் அடித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலுக்கான ஆய்விலேயே இந்த எல்லையைத்தான் வைத்திருந்தார்கள். காலையில் கிளம்பும் முன் 100 செ.மீ.க்குச் சரியாக வெட்டிய பி.வி.சி. குழாயைப் பலகையில் வைத்துப் பாருங்கள். 100.0 காட்டாத நாளில் பலகையை வெளியே எடுக்காதீர்கள்.

சாயங்காலம் தாள்களை எடுத்துக் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். பத்து இலக்கமும் சமமாக வந்தால் .0, .5 இரண்டும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். பாதிக்குப் பாதி வந்தால் யாரோ கண்ணால் பார்த்துத் தோராயமாக எழுதுகிறார்கள். சிதறலையும், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதையும் பாருங்கள். பிள்ளை அதன் வயதுக்கான நடு உயரத்திலிருந்து எத்தனை படி விலகி நிற்கிறது என்பதுதான் இசட் மதிப்பு; மேலே சொன்ன 81.0, 79.3 கோடுகள் அதில் -2. ஓர் ஊரின் சராசரி இசட் மதிப்பு -1.2, சிதறல் 1.0 என்றால் -2 கோட்டுக்குக் கீழே 21 சதவீதம் வரும். அதே சராசரி, அதே பிள்ளைகள். கவனமில்லாத அளவையால் சிதறல் 1.4 ஆனால் 28 சதவீதம். அந்த ஏழு சதவீதம் பசியால் வந்ததல்ல, ஆடும் கால்தட்டாலும் தோராயமாகப் படித்த கண்ணாலும் வந்தது. இந்த எண்ணை வைத்து ஓர் ஊருக்குச் சத்துணவு கூட்டுவதா குறைப்பதா என்று யாராவது முடிவெடுப்பார்கள்.

பலகையோடு சேர்த்துப் பேச வேண்டியது வயது. ஒரு மாதம் தப்பினால் இரண்டு வயதுப் பையனின் நடு உயரம் 87.1-லிருந்து 88.0 ஆகிவிடும். எத்தனை நல்ல பலகையாலும் ஈடுகட்ட முடியாத பிழை இது. “மூணு நடக்குதுக்கா” என்று அம்மா சொன்னால் இரண்டு முடிந்து மூன்றாவது ஓடுகிறது என்று பொருள். தாளில் மூன்று என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய. பிறப்புச் சான்றிதழ், இல்லையென்றால் தாய் சேய் நல அட்டை, அதிலிருந்து தேதியைப் பார்த்து எழுதுங்கள். இரண்டும் இல்லாத வீட்டுக்கு ஊர்ப் பஞ்சாங்கம் ஒன்று தயாராக இருக்க வேண்டும்: அழகர் ஆற்றில் இறங்கியதற்கு முன்னா பின்னா, ஆடிப்பெருக்கா, தீபாவளியா, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நடந்த வாரமா, ஊர்க்கோயில் கும்பாபிஷேகத்துக்கு எத்தனை மாதம் முன்னால். இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவில் பிடித்துவிட்டால் மாதக் கணக்குக்கு வந்துவிடலாம்.

எடை மெஷினைப் பற்றிச் சுருக்கமாக. அம்மா ஏறி நின்று, சுழியமாக்கி, பிள்ளையைக் கையில் கொடுத்தால் பிள்ளையின் எடை மட்டும் காட்டும் வகை வீட்டுக்கு வீடு போகிறவர்களுக்கு ஏற்றது. வெள்ளித் தண்டை, கொலுசு, ஈர ஜட்டி எல்லாம் எடையில் சேரும். கழற்ற மறுத்தால் தாளில் குறித்துவிடுங்கள். மேல்கை சுற்றளவு டேப் ஒன்றும் பையில் இருக்கட்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 11.5 செ.மீ.க்குக் கீழே வந்தால் தாளில் எழுதி வைத்துவிட்டு நகரக் கூடாது, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

பலகையை வாங்கியவர்கள் பராமரிப்புக்குப் பயப்பட வேண்டாம். உசிலம்பட்டிப் புழுதியில் தடம் இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், புழுதியைப் பிடித்து இன்னும் இறுகும். துணியால் துடைத்து, மெழுகுவர்த்தியைத் தடத்தில் இரண்டு முறை தேய்த்தால் வழுக்கும். திருகு தளர்ந்தால் அதே துளையில் பெரிய திருகு போடாமல், தீக்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்துத் துளையில் செருகி, காய்ந்த பிறகு பழைய திருகையே முடுக்குங்கள். முடுக்கியதும் நூறு செ.மீ. குழாயை ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.