சனி ஞாயிறைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்: இங்கிலாந்து போர்டிங் பள்ளியில் நான்காம் ஆண்டு

என் மகள் 2022 செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒரு போர்டிங் பள்ளியில் 10ஆம் ஆண்டில் (நம் ஒன்பதாம் வகுப்புப் போல) சேர்ந்தாள். கோவையில் எட்டாம் வகுப்பு முடித்த கையோடு போனவள், பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இ முடித்து, இப்போது நம் பிளஸ் டூ போன்ற ஏ லெவலின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். இத்தனை நாள் காத்திருந்து எழுதக் காரணம் இருக்கிறது. சேர்ந்த புதிதில் எல்லாப் பள்ளியும் நன்றாகத்தான் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போதும், டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டும்போதும், கட்டணம் திடீரென்று ஏறும்போதும்தான் அந்தப் பள்ளியின் குணம் தெரியவரும். மகள் இன்னும் அங்கேயே படிப்பதால் பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை.

பிள்ளையை அனுப்பப்போகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "ஈட்டனா, ஹாரோவா?" இரண்டும் ஆண் பிள்ளைகளுக்கான பள்ளிகள். ஈட்டன் 1440இல் தொடங்கியது, ஹாரோ 1572இல். நேரு ஹாரோவில் படித்தவர் என்பதால் நம் ஊரில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பெண் பிள்ளைகளுக்கு என்றால் செல்ட்டன்ஹாம் லேடீஸ் காலேஜ், விக்கம் ஆபி, ரோடீன் போன்றவை இருக்கின்றன. இரு பாலரும் படிக்கும் பள்ளிகள் அதைவிட அதிகம். ஈட்டனுக்குப் பத்து வயதிலேயே, அங்குள்ள 5ஆம் ஆண்டிலேயே, பதிவு செய்ய வேண்டும். பெயர் பெற்ற பள்ளி வேண்டும் என்று பதின்மூன்று வயதில் யோசிக்க ஆரம்பித்தால் பாதிக் கதவுகள் ஏற்கெனவே மூடியிருக்கும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நாம் அதிகம் கேள்விப்படாத பள்ளிகளில் மிக நல்லவை இருக்கின்றன.

தேடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது தேர்வு முடிவுப் பட்டியல். எத்தனை சதவீதம் ஏ ஸ்டார், எத்தனை பேர் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் போனார்கள் என்பது. அது பள்ளி எப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்கிறது என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. நான் முதலில் பார்க்கச் சொல்வது சனி ஞாயிறை.

போர்டிங் பள்ளி என்று பெயர் இருந்தாலும் பல இடங்களில் பெரும்பான்மைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். தங்கிப் படிக்கிறவர்களிலும் நிறையப் பேர் வாரப் போர்டிங்: வெள்ளி மாலை அப்பா அம்மா வந்து காரில் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், ஞாயிறு இரவோ திங்கள் காலையோ திரும்புவார்கள். அப்போது அந்தப் பெரிய கட்டடத்தில் மிஞ்சுவது வெளிநாட்டுப் பிள்ளைகள் மட்டும்தான். அதில் ஒரே மொழி பேசும் ஏழெட்டுப் பேர் ஒரு கூட்டமாக இருந்தால், தனியாக வந்த நம் பிள்ளை யாரோடு சாப்பிடும்? பதினான்கு வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே வீடியோ அழைப்பில், ஹவுஸ் என்று சொல்லும் தங்கும் விடுதியை நடத்துகிற ஹவுஸ்மிஸ்ட்ரஸிடம் நாங்கள் கேட்ட கேள்வி இது: "போன சனிக்கிழமை ராத்திரி உங்கள் ஹவுஸில் எத்தனை பிள்ளைகள் தூங்கினார்கள்? அதில் எத்தனை பேர் பிரிட்டிஷ் பிள்ளைகள்?" சேர்க்கை அலுவலகத்தைக் கேட்டால் முழுப் பள்ளிக்கான எண்ணிக்கையைச் சொல்வார்கள். ஹவுஸை நடத்துகிறவரைத்தான் கேட்க வேண்டும். ஒரு பள்ளியில் பதில் வரவே நேரமானது. பேச்சு உடனே நீச்சல் குளத்துக்குப் போய்விட்டது. இன்னொரு பள்ளியில் அந்த அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் எண்ணிக்கையைச் சொல்லி, அன்று ராத்திரி பிள்ளைகள் சேர்ந்து பீட்சா செய்ததையும் சொன்னார். மகள் இப்போது படிப்பது அந்தப் பள்ளியில்தான். சனிக்கிழமை காலையில் வகுப்பு நடக்கும் பள்ளிகளையும் கவனியுங்கள். நம் பிள்ளைகளுக்கு அது பாரமாகத் தெரியும். ஆனால் அங்கே உள்ளூர்ப் பிள்ளைகளும் சனிக்கிழமை மதியம் வரை, விளையாட்டுப் போட்டி இருந்தால் மாலை வரை இருப்பார்கள். தனிமை ஒன்றரை நாளாகச் சுருங்கிவிடும்.

ஹவுஸ் என்பதுதான் அங்கே வீடு. ஐம்பது அறுபது பிள்ளைகள், அவர்களோடு அதே கட்டடத்தில் குடியிருக்கும் ஹவுஸ்பேரன்ட், துணி, மருந்து, உடம்பு பார்த்துக்கொள்ளும் மேட்ரன், சில ஆசிரியர்கள். மகளுக்கு முதல் குளிர்காலத்தில் காய்ச்சல் வந்தபோது எனக்குத் தகவல் சொன்னவர் மேட்ரன். எத்தனை மணிக்கு என்ன மருந்து கொடுத்தார், என்ன சாப்பிட்டாள், சாப்பிடவில்லை என்று எல்லாமே சொன்னார். தலைமை ஆசிரியரை வருடத்துக்கு ஒருமுறை பார்ப்போம். பிள்ளையின் நல்லது கெட்டது மேட்ரன் கையிலும் ஹவுஸ்மிஸ்ட்ரஸ் கையிலும் இருக்கிறது. அவர்கள் அந்த வேலையில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் ஹவுஸ் என்றால் நான் யோசிப்பேன்.

இங்கிலாந்தில் போர்டிங் பள்ளிகளுக்கு அரசு வகுத்த குறைந்தபட்சத் தரங்கள் உண்டு. பிள்ளை மனம் விட்டுப் பேச, பள்ளி ஊழியர் அல்லாத ஒருவரை அடையாளம் காட்டி, அவரைத் தொடர்புகொள்ளும் வழியையும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பெரும்பாலான தனியார் பள்ளிகளை ஐஎஸ்ஐ என்ற அமைப்பு ஆய்வு செய்கிறது. அறிக்கை இணையத்தில் யாரும் படிக்கலாம். 2023 செப்டம்பரிலிருந்து 'மிகச் சிறப்பு', 'நன்று' என்ற ஒற்றைச் சொல் மதிப்பீடு கிடையாது. தரங்கள் நிறைவேறினவா இல்லையா என்று மட்டும் சொல்கிறார்கள். 'நிறைவேறவில்லை' என்று இருந்தால் காரணத்தைத் தேடிப் படியுங்கள். காகித வேலையில் குறை என்றால் சரி. பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி என்றால் அந்தப் பள்ளியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது கார்டியன். பெற்றோர் வெளிநாட்டில் இருந்தால், பிரிட்டனில் குடியிருக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று அநேகமாக எல்லாப் பள்ளிகளும் கேட்கின்றன. ஒவ்வொரு பருவத்தின் நடுவிலும் ஹாஃப் டேர்ம் என்று விடுமுறை வரும். அக்டோபரில் சில பள்ளிகளில் இரண்டு வாரம், பிப்ரவரியிலும் மே மாதத்திலும் ஒரு வாரம். பல பள்ளிகளில் ஹவுஸைப் பூட்டிவிடுவார்கள், யாரும் தங்க முடியாது. அதுபோக எக்ஸியட் என்று இடையிடையே வார இறுதி விடுமுறை. அப்போதெல்லாம் பிள்ளை எங்கே போகும் என்பதற்குப் பதில்தான் கார்டியன்.

லண்டனில் நமக்குத் தெரிந்தவர் இருக்கிறார், அவர் கையெழுத்துப் போடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் வேலைக்குப் போகிறவர், பள்ளி ரயிலில் மூன்று மணி நேரத் தூரம் என்றால், பிள்ளைக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒன்று என்றால் அவர் வர முடியுமா? இன்னொன்றும் உண்டு. 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை, நெருங்கிய உறவினர் அல்லாதவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால், சட்டப்படி அது தனியார் வளர்ப்புப் பராமரிப்பு ஆகிவிடும். உள்ளாட்சிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வராமல் அங்கேயே இருக்கட்டும் என்று திட்டமிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

கார்டியன் நிறுவனங்களைச் சோதித்து அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பின் பெயர் ஏஜிஸ். அந்தப் பட்டியலில் இருந்துதான் எடுக்கச் சொல்வேன். எங்களுக்கு முதலில் கிடைத்த நிறுவனம் பணம் வாங்கும்போது இருந்த வேகத்தை அப்புறம் காட்டவில்லை. ஹாஃப் டேர்ம் நெருங்கியும் எந்த வீட்டில் தங்கப்போகிறாள் என்று சொல்லவில்லை. நான் ஹவுஸ்மிஸ்ட்ரஸிடம் சொன்னேன். அவர் அங்குள்ள மற்ற பிள்ளைகளுக்குக் கார்டியனாக இருக்கும் ஒரு பெண்மணியைக் காட்டினார். அடுத்த பருவத்திலேயே மாற்றிவிட்டோம். அவர் வீட்டில் ஒரு கிழட்டு நாய் இருக்கிறது. மகள் இப்போது ஹாஃப் டேர்முக்காகக் காத்திருப்பதே அந்த நாய்க்காகத்தான்.

பணத்துக்கு வருகிறேன். முழுநேர போர்டிங் என்றால் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 40 ஆயிரம் பவுண்டைத் தாண்டும். ஈட்டன் போன்ற இடங்களில் வரியோடு 60 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட் வரி வந்தது. போர்டிங் கட்டணத்துக்கும் சேர்த்துத்தான். சில பள்ளிகள் ஒரு பகுதியைத் தாங்களே ஏற்றுக்கொண்டன, சில முழுவதையும் பெற்றோரிடம் வாங்கின. படிப்பு நடுவில் இருக்கும்போது பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வர முடியாது என்பதால் நாங்கள் கட்டினோம். முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆண்டுதோறும் ஏறும் என்று வைத்துக்கொண்டு, கடைசி ஆண்டு வரை தாங்குமா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் ஒரு பருவக் கட்டணம் முழுவதையும் டெபாசிட்டாகக் கேட்கும் பள்ளிகள் உண்டு. நிறுத்துவதானால் ஒரு பருவத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பருவக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். இசை வகுப்பு, கூடுதல் ஆங்கில வகுப்பு, தேர்வுக் கட்டணம், சுற்றுலா எல்லாம் தனி பில்.

வாட் வந்த பிறகு சில சிறு பள்ளிகள் மூடப்பட்டன. நம் பிள்ளையின் பள்ளியும் மூடிவிடுமோ என்ற பயம் நியாயமானது. மாணவர் விசா, வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கப் பள்ளி வைத்திருக்கும் உரிமத்தோடு கட்டப்பட்டது. பள்ளி மூடினால் வேறு பள்ளி தேடப் பொதுவாக 60 நாள்தான் கிடைக்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. அங்குள்ள தனியார் பள்ளிகளில் பல, சட்டப்படி அறக்கட்டளைகள். அவற்றின் ஆண்டுக் கணக்கு, அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சேரிட்டி கமிஷன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறதா, கடன் ஏறுகிறதா என்று நான்கைந்து ஆண்டுக் கணக்கை வரிசையாகப் பாருங்கள். என் கணவர் ஆடிட்டர். எங்கள் பட்டியலில் இருந்த ஒரு பள்ளியை அவர் நீக்கியது இதைப் பார்த்துத்தான்.

ஏஜென்ட் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் உங்களிடம் ஒரு பைசா வாங்காத ஏஜென்டுக்கு அநேகமாகப் பள்ளிதான் கமிஷன் கொடுக்கிறது. அவர் காட்டும் பட்டியலில் எந்தெந்தப் பள்ளிகள் கமிஷன் தருகின்றன என்று நேராகவே கேளுங்கள்.

விசா பகுதி பயப்படும் அளவுக்கு இல்லை. சைல்ட் ஸ்டூடன்ட் விசா, சேர்க்கையை உறுதிசெய்து பள்ளி தரும் காஸ் எண், ஓர் ஆண்டுக் கட்டணத்துக்கான பணம் இருப்பதைக் காட்டும் வங்கிக் கணக்கு, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், காசநோய்ப் பரிசோதனை, சுகாதாரக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு. தாயோ தகப்பனோ கூடவே போய்த் தங்க முடியுமா என்று கேட்கிறார்கள். 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு மட்டும்தான் அப்படி ஒரு விசா உண்டு. அரசு நடத்தும் போர்டிங் பள்ளிகளில் படிப்புக்குக் கட்டணம் இல்லை என்று படித்துவிட்டு ஆசைப்படாதீர்கள். இந்த விசாவில் போகும் பிள்ளைகள் அங்கே சேர முடியாது.

சாப்பாடு எங்கள் வீட்டில் பெரிய கவலையாக இருந்தது. சைவம் எல்லா வேளையும் கிடைக்கிறது. பாஸ்தாவும் சீஸும்தான் திரும்பத் திரும்ப வரும். பருப்புப் பொடி, நல்லெண்ணெய், ஊறுகாய் கொடுத்து அனுப்பலாம். நெய், பால்கோவா கூடாது. இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக அங்கே தடை.

படிப்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏ லெவலில் பெரும்பாலும் மூன்றே பாடம். பதினாறு வயதில் பிள்ளை இயற்பியலை விட்டுவிட்டால், அப்புறம் இந்தியாவில் நீட் எழுதும் வழி கிட்டத்தட்ட அடைபடும். அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். அங்கேயே மருத்துவம் படிக்கலாம் என்றால், வெளிநாட்டு மாணவர்களுக்கான இடங்கள் மிகக் குறைவு. என் மகள் உயிரியல், வேதியியல், வரலாறு எடுத்தாள். இப்படிப் பாடங்களைச் சேர்த்து எடுப்பது நம் ஊரில் பெரும்பாலான பள்ளிகளில் நடக்காது. அவள் வரலாற்றுக் கட்டுரைகளைப் படிக்கும்போது அனுப்பியதற்காக நான் சந்தோஷப்படுகிறேன். கதவு ஒன்று மூடுகிறது என்று தெரிந்தே மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். இன்னொன்று: இத்தனை ஆண்டு அங்கே படித்தாலும் பல்கலைக்கழகத்தில் அவள் வெளிநாட்டு மாணவிதான். படிப்புக்காக மட்டும் வந்து தங்கிய காலத்தை உள்ளூர்க் கட்டணத் தகுதிக்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். போர்டிங் பள்ளியில் போட்டால் கல்லூரிச் செலவு குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அவள் தம்பியையும் அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் பத்தாம் வகுப்பை இங்கே முடித்த பிறகு, நேராக ஏ லெவலின் முதல் ஆண்டான 12ஆம் ஆண்டில். அவன் வீட்டோடு ஒட்டியே இருக்கிற பிள்ளை. பதினான்கில் அவனைப் பிரிப்பது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு ஆண்டுக் கட்டணமும் மிச்சம். அந்தச் சேர்க்கைக்கான தேர்வு பல பள்ளிகளில் முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே வந்துவிடும். பத்தாம் வகுப்பின் நடுவில் அவன் அதை எழுதியாக வேண்டும் என்பதால், ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறையிலேயே பட்டியலைத் தயார் செய்யப்போகிறோம்.