பிஎஸ்ஏ மறுபடி ஏறுதா? உடனே ரேடியேஷனா, பொறுத்து பாக்கலாமா?

கேன்சருக்காக ஆபரேஷன்ல புராஸ்டேட்டை எடுத்த பிறகு பிஎஸ்ஏ (புராஸ்டேட் செல்கள் சுரக்குற, ரத்த டெஸ்ட்ல பாக்குற ஒரு புரதம்) 0.2 ng/mL-ஐ தொட்டு அடுத்த டெஸ்ட்லயும் இறங்கலன்னா கேன்சர் திரும்பியிருக்கலாம்னு டாக்டருங்க எடுத்துக்குவாங்க. ரேடியேஷன்னா 0.5 தாண்டுறதுக்குள்ள போறதுதான் நல்லது, சீக்கிரம் குடுத்தா பலன் ஜாஸ்தி, ஆனா அடிக்கடி யூரின் போக ஓடணும், மோஷன்ல ரத்தம் வரலாம், சில பேருக்கு இது வருஷக்கணக்கா நிக்கும். பொறுத்து பாக்குறதுன்னா சும்மா இருக்கறது இல்ல, சில மாசத்துக்கு ஒருதடவ பிஎஸ்ஏ பாக்கணும், ரிசல்ட் வர்றவரைக்கும் தூக்கம் போயிடும் அது வேற. பிஎஸ்ஏ ரெட்டிப்பாக ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது, க்ளீசன் ஸ்கோரும் (கேன்சர் எவ்வளவு வீரியமானதுன்னு சொல்ற மார்க்) கம்மி, வயசும் எண்பதை நெருங்குதுன்னா நான் பொறுமையத்தான் சொல்வேன். ஆறு மாசத்துலயே ரெட்டிப்பானா தள்ளிப்போடாதீங்க. பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் (புராஸ்டேட் கேன்சர் உடம்புல எங்க இருக்குன்னு தேடுற ஸ்கேன்) க்ளியர்னு நிம்மதியாகவும் வேணாம், 0.2 லெவல்ல பல பேருக்கு அதுல ஒண்ணும் தெரியாது.