குடியரசுத் தலைவர் மாளிகைக் குதிரைப்படையில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்

வீட்டில் ராணுவத்துக்குத் தயாராகும் பையன் இருந்தால், அதுவும் நல்ல உயரமான பையனாக இருந்தால், தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். டெல்லியில் குடியரசுத் தலைவரின் மெய்க்காப்பாளர் படையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி எங்கள் குடும்பத்திடம் மூன்றரை லட்சம் ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள். தம்பியின் பத்தாவது, பன்னிரண்டாவது அசல் மதிப்பெண் சான்றிதழ்களும் போய்விட்டன. வேறு பெயரில், வேறு ஊரில் அதே ஆட்கள் திரும்பவும் பயிற்சி மையம் ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு வேலூர் மாவட்டம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடும் பகுதி இது. பையன்கள் விடியற்காலையில் மைதானத்தில் ஓடுவதும், வீட்டில் பெரியவர்கள் அதைப் பெருமையாகப் பார்ப்பதும் இங்கே சாதாரணம். தம்பி சேர்ந்த பயிற்சி மையத்தை நடத்தியவர் தன்னை ஓய்வு பெற்ற ஹவில்தார் என்று சொல்லிக்கொண்டார். மாதக் கட்டணம் அதிகமில்லை. ஓட்டம், புல்-அப்ஸ், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவது எல்லாவற்றையும் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தார். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் ஊரே நம்பியது.

தம்பி ஆறடி ஒரு அங்குலம். ஒருநாள் அந்த ஆள் அப்பாவைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த உயரத்துக்கு இவன் சாதா சிப்பாயா போறதா? நேரா ராஷ்டிரபதி பவனுக்கே போகலாம். தெற்குல இருந்து இந்த வருஷம்தான் முதல் தடவையா ஆள் எடுக்கறாங்க. மொத்தமே கொஞ்சம் சீட்டுதான்" என்றார். செல்போனில் படங்கள் காட்டினார். சிவப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் ஈட்டி, பளபளக்கும் குதிரைகள். குடியரசு தின அணிவகுப்பில் நாம் எல்லோரும் டிவியில் பார்த்ததுதான். அப்பா அன்றைக்கு இரவு தூங்கவே இல்லை.

அப்புறம் வசூல் தொடங்கியது. முதலில் "பெயர் பதிவு", பிறகு "குதிரையேற்றப் பயிற்சி", "உடுப்பு அளவு", கடைசியாக "திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை". பாதி ரொக்கம், மீதி யாரோ ஒரு பெண்ணின் கணக்குக்கு ஜிபே. ரசீது கேட்டால், "இதுக்கெல்லாம் ரசீது கேட்டா மேல இருக்கறவங்க கோவிச்சுப்பாங்க" என்று பதில் வரும்.

இந்தப் படையைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1773ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசியில் தொடங்கிய படை இது. இந்திய ராணுவத்தின் மரியாதை வரிசையில் முதலிடத்தில் நிற்கும் ரெஜிமென்ட். சடங்குக்கு மட்டும் குதிரையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், பாராசூட் பயிற்சி பெற்றவர்கள், சியாச்சின் வரை பணிக்குப் போனவர்கள். ஆனால் இதற்கு ஆள் எடுப்பது ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் என்ற மூன்று பிரிவுகளிலிருந்துதான். இதை எதிர்த்து வழக்கு போனபோது, அணிவகுப்பில் எல்லோரும் ஒரே மாதிரி உயரமும் தோற்றமும் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பதைக் காரணமாக 2013ல் உச்ச நீதிமன்றத்தில் ராணுவத் தரப்பு சொன்னது. சுதந்திர நாட்டின் தலைவருக்குக் காவல் நிற்க சாதி பார்ப்பது எனக்கு ஏற்புடையது இல்லை. ஆனால் இன்றைய நிலைமை இதுதான். ஆறடி என்ன, ஏழடி இருந்தாலும் தமிழ்நாட்டுப் பையன் அங்கே விண்ணப்பிக்க வழியில்லை. இந்த ஒரு விஷயம் ஊரில் யாருக்கும் தெரியாமல் இருந்ததை வைத்துத்தான் அந்த ஆள் பிழைத்தார்.

வெளிநாட்டுத் தலைவர்கள் வரும்போது முப்படைகளும் சேர்ந்து மரியாதை அணிவகுப்பு கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் வெளியிலிருந்து யாரும் விண்ணப்பம் போட முடியாது. முதலில் படையில் சேர வேண்டும், பிறகு அங்கேயே உயரம், நடை, கவாத்து பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். மாளிகையில் காவல் நிற்கும் காலாட்படைப் பட்டாலியனும் நிரந்தரம் கிடையாது, முறை வைத்து மாறும்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் டெல்லியில் சந்தித்த ஒரு தமிழ்க்காரர்தான். தம்பியோடு நானும் போயிருந்தேன். பஹார்கஞ்சில் ஒரு லாட்ஜில் தங்கச் சொன்னார்கள். ஒருவன் வந்து தம்பியைத் தனியார் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்து, எக்ஸ்ரே எடுத்து, "மெடிக்கல் பாஸ்" என்றான். சரிபார்க்க வேண்டும் என்று அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டான். இரண்டு நாளில் பணி ஆணை மெயிலில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மாளிகை வாசலுக்குப் போனோம். காவலில் இருந்தவர்கள் காகிதத்தைப் பார்த்துவிட்டு உள்ளே சொல்லி அனுப்ப, தமிழ் தெரிந்த ஒரு ஹவில்தார் வந்தார். ஒரு நிமிஷம்கூடப் படிக்கவில்லை. "தம்பி, இதுல படையோட பேரே தப்பா இருக்கு. ஜிமெயில்ல யாரும் ஆர்டர் அனுப்ப மாட்டாங்க. ராணுவம் டெபாசிட் வாங்காதுப்பா" என்றார். தம்பி பேசவே இல்லை. அந்த மனிதர்தான் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, முறையான வழி என்ன என்று பொறுமையாகச் சொன்னார். அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த வழி இதுதான். ராணுவத்தின் 'ஜாயின் இந்தியன் ஆர்மி' இணையதளத்தில் அக்னிவீர் (நான்கு வருஷச் சிப்பாய் வேலை) பதிவு. விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய். கணினியில் எழுத்துத் தேர்வு, 2025 முதல் தமிழிலும் எழுதலாம். தேறியவர்களை உடல்தகுதி முகாமுக்குக் கூப்பிடுவார்கள். மருத்துவப் பரிசோதனையை ராணுவ மருத்துவர்களே செய்வார்கள், தனியார் ஆய்வகத்துக்கு அனுப்ப மாட்டார்கள். பொதுப்பணிப் பிரிவுக்கு (ஜி.டி., அதாவது சாதாச் சிப்பாய் வேலை) நம் பக்கத்துப் பையன்களுக்கு 166 சென்டிமீட்டர் உயரம் போதும். சந்தேகம் இருந்தால் சென்னை, கோவை, திருச்சியில் இருக்கும் ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் நேரில் கேளுங்கள்.

எனக்குப் பணத்தைவிட இதுதான் வயிற்றெரிச்சல்: "உனக்குத் தனி வழி இருக்கு, அது எதுக்கு?" என்று சொல்லி அந்த ஆள் தம்பியை அந்த வருஷ அக்னிவீர் பதிவே போடவிடவில்லை. வயது வரம்பு உள்ள வேலையில் ஒரு வருஷம் போவது சின்ன இழப்பு இல்லை.

ஊருக்குத் திரும்பினால் மையம் பூட்டிக் கிடந்தது, பலகையையும் கழற்றிவிட்டார்கள். அப்பா புகார் கொடுக்கத் தயங்கினார். வேலைக்குப் பணம் கொடுத்ததாக நம் மேலேயே வழக்கு வரும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். ஏமாந்த மற்ற வீடுகளும் இதே பயத்தில்தான் வாயைத் திறக்காமல் இருக்கின்றன. நாங்கள் எஸ்.பி. அலுவலகத்தில் இருக்கும் மாவட்டக் குற்றப்பிரிவில் ஜிபே விவரம், போலி ஆணை, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான போலீஸ் ரசீது) வாங்கியிருக்கிறோம். எங்கள் மேல் யாரும் வழக்குப் போடவில்லை. இணையவழியில் பணம் அனுப்பியவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.

நகல் சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். தம்பி திரும்பவும் ஓட ஆரம்பித்துவிட்டான், இந்த முறை பள்ளி மைதானத்தில் தனியாக. இதே மாதிரி குதிரைப்படை ஆசை காட்டி உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால், தொகை சிறியது என்று விட்டுவிடாமல் உங்கள் மாவட்டக் குற்றப்பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். எங்கள் ஒரு புகாரை மட்டும் வைத்து அந்த ஆள் சுலபமாக ஜாமீனில் வந்துவிடுவார் என்று விசாரிக்கும் அதிகாரியே சொன்னார்.