ஒரே டிக்கெட் என்று விற்று ஐந்து டிக்கெட் கொடுத்தார்கள்: ஜெனோவா - பார்சிலோனா ரயிலில் போகிறவர்கள் கவனத்துக்கு

இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் கடற்கரை ஊர்களை ரயிலிலேயே சுற்றிவிடலாம், விமானத்தைவிடச் செலவும் கட்டுக்குள் இருக்கும் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு இந்தப் பதிவு. பல நாட்டு ரயில்களை ஒன்றாகக் கோத்து "ஒரே டிக்கெட், ஒரே கட்டணம்" என்று விற்கும் இடைத்தரகுத் தளங்கள் இருக்கின்றன. எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன், எங்களுக்கு வாய்த்தது மோசம். பெயர் போடவில்லை. எப்படி ஏய்த்தார்கள் என்று தெரிந்தால், வேறு பெயரில் வந்தாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நேப்பிள்ஸ், ரோம், ஜெனோவா வரை நானும் நண்பனும் ஸ்டேஷன் மெஷினிலேயே டிக்கெட் எடுத்தோம், ஒரு தொல்லையும் இல்லை. ஜெனோவாவிலிருந்து பார்சிலோனாவுக்கு நேரடி ரயில் கிடையாது. எல்லை ஊரான வென்டிமில்யாவில் இறங்கி பிரெஞ்சு ரயிலுக்கு மாற வேண்டும். நீஸில் ஒரு மாற்றம், மார்செயில் ஒன்று, நார்போனில் ஒன்று. அங்கே பாரிஸிலிருந்து பார்சிலோனாவுக்கு வரும் டிஜிவி என்ற பிரெஞ்சு அதிவேக ரயிலைப் பிடிக்க வேண்டும். இதைத்தான் அந்தத் தளம் ஒரே பயணமாகக் காட்டியது. ஆளுக்கு 169 யூரோ. அதில் 'சேவைக் கட்டணம்' 19 யூரோ, 'இணைப்பு உத்தரவாதம்' 14 யூரோ. ஒரு ரயில் தாமதமாகி அடுத்தது தவறினால் அவர்களே வேறு ரயிலில் ஏற்றிவிடுவார்களாம். இந்த மாதிரிப் பாதைக்கு அது நியாயமான விலையாகவே பட்டது.

வந்து சேர்ந்த பிடிஎஃப்பின் தலையில் பெரிய எழுத்தில் 'ஜெனோவா - பார்சிலோனா'. கீழே புரட்டினால் பக்கத்துக்கு ஒரு வடிவம், பக்கத்துக்கு ஒரு முன்பதிவுக் குறியீடு. இத்தாலியில் பிராந்திய ரயிலின் டிஜிட்டல் டிக்கெட்டுக்கு ஏறும் முன் செக்-இன் செய்ய வேண்டும். அதற்கான இணைப்பை ஒரு பக்கத்தின் அடியில், விளம்பரத்துக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார்கள். நண்பன் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். இல்லாவிட்டால் முதல் ரயிலிலேயே பரிசோதகரிடம் தனியாகப் பணம் கட்டியிருப்போம்.

வென்டிமில்யாவிலிருந்து நீஸ் போகிற ரயில் சாதாரணமாக முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். ஆனால் பிரான்ஸுக்குள் நுழைந்ததும் வரும் முதல் ஸ்டேஷனான மெந்தோன் கராவானில் போலீஸ் ஏறும். பாஸ்போர்ட் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போகலாம் என்கிற ஷெங்கன் எல்லைதானே, சோதனை எதற்கு என்று கேட்கலாம். 2015 நவம்பரில் பிரான்ஸ் எல்லைச் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது, அப்புறம் அது முழுசாகப் போகவே இல்லை. அன்றைக்குக் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு ரயில் அப்படியே நின்றது. ஒருவர் டார்ச் அடித்துக் கழிப்பறைக்குள் பார்த்தார். இன்னொருவர் பெட்டியில் யார் யாரிடம் பாஸ்போர்ட் கேட்டார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை; எங்கள் இருவரிடமும் கேட்டார், எதிரில் இருந்த தம்பதியிடம் கேட்கவில்லை. என் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிய பக்கத்தைத் தேடி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார், நான் எடுத்துக் காட்டுகிறேன் என்றாலும் கொடுக்கவில்லை.

அந்தத் தளம் நீஸில் மாறுவதற்குக் கொடுத்திருந்த இடைவெளி 12 நிமிடம். இந்தப் பாதையில் டிக்கெட் விற்கிற எவருக்கும் மெந்தோன் சோதனை தெரியாமல் இருக்காது. தெரிந்தே 12 நிமிடம் வைத்து, அந்த ரயில் தவறினால் என்று 14 யூரோவும் வாங்குகிறார்கள்.

நீஸில் மார்செய் ரயில் போய்விட்டது. அது பெரிய நஷ்டமில்லை, பிராந்திய ரயில் டிக்கெட் என்பதால் அடுத்த வண்டியில் ஏறிக்கொண்டோம். அடி விழுந்தது மார்செயில். நார்போன் ரயிலிலும் டிஜிவியிலும் இருக்கை எண் போட்ட டிக்கெட். அந்த நேரத்துக்கு அந்த ரயிலில்தான் செல்லும். இரண்டுமே போச்சு. உத்தரவாதம்தான் இருக்கிறதே என்று தளத்தின் சாட்டில் கேட்டோம். நெடுநேரம் கழித்து, "போலீஸ் நடவடிக்கையால் வரும் தாமதம் உத்தரவாதத்தில் சேராது, ரயில் நிறுவனத்தை அணுகவும்" என்று பதில் வந்தது.

மார்செய் ஸ்டேஷன் கவுன்டரில் இருந்த பெண்மணி எங்கள் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்து ஒவ்வொரு குறியீட்டின் கீழும் ஒரு கோடு போட்டார். மொத்தம் ஐந்து கோடு. "இது ஐந்து தனி ஒப்பந்தம். உங்களுக்கு விற்றவர் நாங்கள் இல்லை, நாங்கள் மாற்றித் தர முடியாது" என்றார். கிணற்றை விற்றேன், தண்ணீரை விற்கவில்லை என்ற கதைதான். ஆனால் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். வென்டிமில்யா ரயில் எவ்வளவு தாமதம் என்பதற்கு எங்கே சான்று எடுக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தார். அந்தச் சான்றைக் கட்டாயம் வாங்கி வையுங்கள், பிறகு தேடினால் கிடைப்பது கஷ்டம்.

அன்று இரவு ஸ்பெயின் எல்லைக்கு முன்னால் இருக்கும் பிரெஞ்சு ஊரான பெர்பின்யானில் தங்க வேண்டியதாகிவிட்டது. அவசரத்துக்குக் கிடைத்த அறைக்குக் கொடுத்ததும் போச்சு, பார்சிலோனா ஹாஸ்டலில் கட்டியிருந்த முதல் இரவும் போச்சு. மறுநாள் டிஜிவி விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாததால் பழைய கடலோரப் பாதையில் போனோம். பெர்பின்யானிலிருந்து பிராந்திய ரயிலில் எல்லை தாண்டி ஸ்பெயினின் முதல் ஊரான போர்ட்போ, அங்கிருந்து ஆர்11 என்ற ஸ்பெயின் ரயில், நேராக பார்சிலோனா சான்ட்ஸ். ஸ்பெயினின் பழைய தண்டவாளம் 1668 மில்லிமீட்டர் அகலம், பிரான்ஸில் 1435. அதனால் சாதாரண வண்டிகள் எல்லை ஊரைத் தாண்டி ஓட முடியாது, போர்ட்போவில் எல்லோரும் இறங்கி மாறியே ஆக வேண்டும். (பார்சிலோனாவிலிருந்து வடக்கே வருகிறவர்கள் மாறுவது பிரான்ஸ் பக்கத்து செர்பேரில்.) இருக்கை எண்ணும் இல்லை, முன்பதிவும் இல்லை. ஒரு வண்டி தவறினால் அடுத்ததில் ஏறலாம். சேவைக் கட்டணம் வாங்கின தளம் இந்த வழியைக் காட்டவே இல்லை என்பதுதான் எரிச்சல். காட்டினால் அதில் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

உங்களிடம் நேரம் இருந்தால் ஜெனோவா - வென்டிமில்யா, வென்டிமில்யா - நீஸ், நீஸ் - மார்செய், எல்லையைக் கடக்கும் இந்தப் போர்ட்போ பாதை எல்லாவற்றுக்கும் அன்றைக்கே ஸ்டேஷனில் டிக்கெட் எடுங்கள். பிராந்திய ரயிலில் இருக்கை தீர்ந்துபோகும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். முன்கூட்டியே வாங்க வேண்டியவை டிஜிவி போன்ற இருக்கை எண் ரயில்கள் மட்டும், அதுவும் ரயில் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில். நீஸ் வழியாக வருகிறவர்கள் அங்கே மாற ஒரு மணி நேரமாவது விட்டு அடுத்த ரயிலைப் போடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு சட்ட விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமை விதி 2021/782 நடைமுறைக்கு வந்தது 2023 ஜூன் 7-இல். விற்பவர் தானாகவே பல டிக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே பரிமாற்றத்தில் விற்று, இவை தனித்தனி ஒப்பந்தங்கள் என்று வாங்கும் முன்பே தெரிவிக்காமல் இருந்து, பயணி இணைப்பு ரயிலைத் தவறவிட்டால், முழுப் பணத்தையும் திருப்பித் தந்து அதன்மேல் 75 சதவீதம் நட்டஈடும் தர வேண்டும். தெரிவித்தோம் என்று நிரூபிக்க வேண்டியது விற்றவரின் பொறுப்பு, நம்முடையது அல்ல. போலீஸ் நடவடிக்கையால் தாமதமானால் ரயில் நிறுவனம் நட்டஈடு தர வேண்டியதில்லை என்பது உண்மைதான், அது அதே விதியிலேயே இருக்கிறது. ஆனால் அது ரயில் நிறுவனத்துக்கான விலக்கு, டிக்கெட்டைக் கோத்து விற்றவருக்கான பிரிவு வேறு. எங்கள் வாதம் இதன்மேல்தான் நிற்கிறது. புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், வாங்கும்போது வந்த திரைகளைப் படம் பிடித்து வைத்திருந்தால் உடனே அனுப்புங்கள்.

நாங்கள் புகார் அனுப்பிய பிறகு அந்தத் தளத்தாரின் தொனி மாறியது. முதலில் 'வருந்துகிறோம்' என்றார்கள், பிறகு தொழில்நுட்பப் பிரிவு ஆராய்கிறது என்றார்கள். இப்போது 25 யூரோ கூப்பன் ஒன்று வந்திருக்கிறது, அவர்கள் தளத்திலேயே ஆறு மாதத்துக்குள் செலவழிக்க வேண்டுமாம். அதற்குக் கீழே பச்சை நிறத்தில் 'ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான், பொத்தானுக்கும் கீழே சாம்பல் எழுத்தில், ஏற்றால் இந்தப் பயணம் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளையும் கைவிட்டதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி. உங்களுக்கும் இதே மாதிரி மெயில் வந்தால் அந்தப் பச்சைப் பொத்தானைத் தொடாதீர்கள்.