பெல்லட் கிரில் கண்ட்ரோலர்: டைமரா, பிஐடியா?

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை, அதாவது பெல்லட்டை, எரித்துச் சமைக்கும் பெல்லட் கிரில்லை வாங்குகிறவர்கள் தகடு எவ்வளவு தடிமன், உள்ளே எவ்வளவு இடம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள், ஆனால் பெல்லட்டை நெருப்புக்குத் தள்ளும் திருகு எப்போது சுற்ற வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது கண்ட்ரோலர்தான், அது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்றே நிலை உள்ள பழைய வகையை விட்டுவிடலாம். வெளியே காற்றடிக்கிறதா, குளிரா என்று அது பார்ப்பதே இல்லை.

டைமர் வகையில் திருகு, உதாரணமாக, 15 விநாடி சுற்றும், 65 விநாடி நிற்கும், திரும்பச் சுற்றும். நிற்கும் நேரத்தை மாற்றத்தான் 'பி' எண். ஓர் எண் கூட்டினால் ஏறத்தாழ 10 விநாடி கூடும். சூடு குறையும், பெல்லட் கனன்று புகை நிறைய வரும், ரொம்பக் கூட்டினால் நெருப்பே அணைந்துவிடும். 225 டிகிரி பாரன்ஹீட் வைத்தால் இருபது டிகிரி மேலும் கீழும் ஆடுவது இதில் சகஜம். பெரிய இறைச்சித் துண்டை மணிக்கணக்கில் வைத்து வேகவிடும்போது இந்த ஆட்டம் பெரிதாகத் தெரியாது, புகை வாசனை மட்டும் நன்றாக ஏறியிருக்கும்.

பிஐடி வேறு மாதிரி. சூடு இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது, இதுவரை விலகியது மொத்தம் எவ்வளவு, எந்த வேகத்தில் மாறுகிறது என மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டுத் திருகையும், பல மாடல்களில் விசிறியையும், இயக்கும். கப்பலின் சுக்கானைத் தானாகத் திருப்புவதற்காக 1922-இல் மினோர்ஸ்கி என்ற பொறியாளர் எழுதிய கணக்குதான் இதற்கு அடிப்படை. நல்ல பிஐடி ஐந்து டிகிரிக்குள் நிறுத்திவிடும். ஆனால் நெருப்பு சுத்தமாக எரிவதால் புகை குறையும், அதனால்தான் பல நிறுவனங்கள் தனியாகப் புகை நிலை வைத்து, வேண்டுமென்றே கொஞ்சம் ஆடவிடுகின்றன.

மூடியைத் திறக்கும்போதுதான் பிஐடியின் தரம் தெரியும். சூடு சட்டென்று இறங்கியதும் சுமாரான பிஐடி பதறிப்போய் பெல்லட்டைக் கொட்டும், மூடியதும் சூடு குறியைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும். மூடி திறந்ததைப் புரிந்துகொண்டு கொஞ்சம் பொறுத்திருக்கிற கண்ட்ரோலருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், வைஃபைக்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், எந்த வகையாக இருந்தாலும் உள்ளே சூட்டை அளக்கும் சென்சாரில் எண்ணெயும் கரியும் படிந்தால் மாற்றத்தைத் தாமதமாகத்தான் காட்டும், அதை அவ்வப்போது துடைக்காமல் கண்ட்ரோலரைக் குறை சொல்வது நியாயமில்லை.

என் தேர்வு, புகை நிலை உள்ள பிஐடி. கையில் இருக்கும் டைமர் கிரில்லின் உடல் நன்றாக இருந்தால் கண்ட்ரோலரை மட்டும் மாற்றினாலே போதும், சென்சார் ஆர்டிடியா (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் வகை) தெர்மோகப்பிளா (சூட்டுக்கேற்ப சிறு மின்னழுத்தம் தரும் வகை) என்று பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள், ஒன்றுக்கு மற்றொன்று சேராது.